அ-வுக்கு முன்னால் ட

ஜனவரியில் பள்ளி தொடங்கும்போது எங்கள் வகுப்பறைக்குள் பிள்ளைகளுக்கு முன்னால் பனி வந்து உட்கார்ந்திருக்கும். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை. அரைச் சுவர், அதற்கு மேல் கம்பிவலை. மேல் டிவிசனிலிருந்து தேயிலைக்குள்ளே நடந்து வருகிற பிள்ளைகளின் சப்பாத்து நனைந்து, விரல்கள் விறைத்துப் போயிருக்கும். ஐந்து வயது முடிந்த கைகள். தொட்டால் விடியற்காலைப் பீலித் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருக்கும்.

அந்தக் கைகளில் பென்சிலைக் கொடுத்து, கரும்பலகையில் பெரிதாக அ எழுதி, "இதைப் பார்த்து ஒரு பக்கம் எழுதுங்க" என்று சொன்னவள் நான். நியமனம் கிடைத்து, தரம் 1 என்னிடம் தரப்பட்ட முதல் வருடம் அது. எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். என் அம்மாவுக்கும் அப்படித்தான்.

அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. ஒரு பக்கம் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவான். ஒவ்வொரு அ-வும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். சிவப்புப் பேனாவால் நட்சத்திரம் போட்டுப் போட்டு அவன் கொப்பியை நிரப்பினேன். கொப்பியைப் பார்த்தேனே தவிர, ஒரு நாளும் அவன் கையைப் பார்க்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, தரம் 4 டீச்சர் லீவில் போன ஒரு நாள் அந்த வகுப்புக்குப் போனேன். சொல்வதெழுதல். மற்றப் பிள்ளைகள் ஐந்தாவது சொல்லுக்கு வந்தபோது அவன் இரண்டாவது சொல்லில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் போய் நின்று பார்த்தேன். அ எழுத வேண்டிய இடத்தில் முதலில் வலப்பக்கத்து நேர்கோட்டைக் கீழிருந்து மேலாகப் போட்டான். கையை எடுத்தான். அந்தக் கோட்டிலிருந்து இடப்பக்கமாக ஒரு குறுக்குக் கோடு இழுத்தான். மறுபடியும் கையை எடுத்தான். பிறகு மேலே ஒரு வளைவு, கீழே ஒரு சுழி. நான்கு துண்டுகளை ஒட்டி ஓர் அ. அழகான அ தான். ஆனால் அவன் எழுதவில்லை, வரைந்துகொண்டிருந்தான். க-வையும் அப்படித்தான், ந-வையும் அப்படித்தான். யோசனை முழுவதும் எழுத்தைக் கட்டுவதிலேயே போய்விட, சொல்லை மனதில் வைத்துக்கொள்ள அவனுக்கு இடமே இல்லை. பாடம் தெரியாத பிள்ளை என்று அவனுக்கு ஏற்கெனவே பெயர் விழுந்திருந்தது.

அந்தத் தவணை முழுவதும் இடைவேளையில் அவனோடு உட்கார்ந்தேன். ஐந்தாறு எழுத்துகள் திருந்தின. மற்றவை திருந்தவில்லை. பழகிய கையை மாற்றுவது புதிதாகப் பழக்குவதைப் போல ஐந்து மடங்கு வேலை, அதுவும் ஒன்பது வயதில் வெட்கத்தோடு சேர்ந்த வேலை. அது என்னால் வந்தது. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு லயத்து வரிசை வீடுகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு குறுக்குப் பாதை உண்டு. எதிரில் வருகிறவர் முகம் தெரியாத பனியிலும் அவர்கள் கால் தானாகப் போகும். எந்தக் கல்லில் கால் வைப்பது, எந்த இடத்தில் தண்ணீர்க் கானைத் தாண்டுவது என்று யோசிக்கவே மாட்டார்கள். எழுத்தும் அப்படி ஒரு பாதைதான். எங்கே ஏறுவது, எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே முடிப்பது என்பதைக் கை பழகிவிட்டால் மனது வேறு வேலை பார்க்கலாம். பாதையைச் சொல்லிக் கொடுக்காமல் ஊரின் படத்தை மட்டும் காட்டினால், பிள்ளை தனக்குத் தெரிந்த வழியில் கல்லும் முள்ளுமாக ஏறி எப்படியோ வந்து சேரும். நாமும் வந்துவிட்டது என்று நட்சத்திரம் போடுவோம்.

அதனால் இப்போது என் வகுப்பில் அ முதலில் வருவதில்லை. முதலில் வருவது ட.

நெடுங்கணக்கு வரிசை ஒலிக்காக வைத்த வரிசை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்கிற அந்த ஒழுங்கு எவ்வளவு அழகானது என்பது பெரியவளான பிறகுதான் எனக்கே புரிந்தது. ஆனால் கைக்கு அது தலைகீழ். அ, ஆ, இ, ஈ என்று தொடங்கினால் முதல் வாரத்திலேயே பிள்ளை எல்லாவற்றையும் விடக் கஷ்டமான வளைவுகளில் போய் முட்டிக்கொள்ளும். அ-வைப் பாருங்கள். இடப்பக்கம் மேலே சிறு வளைவில் தொடங்கி, சுற்றிக் கீழே இறங்கி, சுழித்து, குறுக்கே ஓடி, கடைசியில்தான் அந்த நேர்கோடு. ஓர் எழுத்துக்குள்ளே கை எத்தனை தடவை திசை மாறுகிறது! இ இன்னும் மோசம். ஆறாம் மாதம் வரை இ-யில் அழுகிற பிள்ளைகள் உண்டு.

ட அப்படி இல்லை. மேலிருந்து கீழே, அங்கிருந்து வலப்பக்கம். முடிந்தது. "இறங்கு, போ" என்று சொல்லுவோம். இறங்கி, போய், மேலே ஏறினால் ப. ஏறியதும் உள்பக்கமாக வளைந்து இறங்கினால் ம. மூன்றும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன, ஒரே திசையில் போகின்றன. மூன்றாவது வாரம் அரவையும் (ா) குற்றையும் (மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளி) சேர்த்தால் மாமா, பாப்பா, படம், பட்டம், மட்டம் என்று சொற்கள் வந்துவிடும். மட்டம் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லாத சொல். அம்மா மலையில் செடியின் மேல் மட்டம் பார்க்க மட்டக்கம்பு வைத்துக் கொழுந்து எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தச் சொல்லைத் தன் கையால் எழுதி வாசிக்கிற அன்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எழுத்துகளை வடிவ ஒற்றுமை பார்த்துக் குடும்பம் குடும்பமாகச் சொல்லித் தருவது நான் கண்டுபிடித்தது இல்லை. அனுபவமுள்ள ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் பலர் செய்வதுதான். நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

ட-வுக்கும் முன்னால் கையைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை எலும்பே இல்லை, குருத்தெலும்பு. வருடக் கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் இறுகும். கடைசி எலும்பு இறுகுவது கிட்டத்தட்டப் பத்து வயதில். தரம் 1 பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் கட்டி முடியாத வீடு. வட்டம் போட மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நான்கில் வரும், முக்கோணம் ஐந்தை ஒட்டித்தான் வரும். இதற்கெல்லாம் முன்னால் பாலர் பாடசாலையிலேயே இரண்டு கொப்பி முடிக்க வைக்கிற அவசரம் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

எங்கள் வகுப்பில் காலையில் முதல் வேலை கையைச் சூடாக்குவது. உள்ளங்கையைத் தேய்ப்பது, விரலை மடக்கி விரிப்பது, ஒவ்வொரு விரலாகப் பெருவிரலைத் தொட்டு வருவது. அப்புறம் மண். பிஸ்கட் டின் மூடிகள் பன்னிரண்டு சேர்த்து வைத்திருக்கிறேன், அதில் ஆற்று மணல். விரலால் எழுத வேண்டும். குலுக்கினால் அழிந்துவிடும், பிழை என்று ஒன்று மிஞ்சாது. அப்புறம் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷ்களும். வெளிச்சுவரில் கை உயர்த்திப் பெரிய பெரிய ட எழுதுவார்கள். நிமிர்ந்து நிற்கிற சுவரில் எழுதும்போது மணிக்கட்டு தானாகச் சரியான வாக்கில் மடங்கும், தோளும் வேலை செய்யும். வெயில் வந்தால் எழுத்து காய்ந்து மறைந்துவிடும். வெயில் வராத நாளில் மத்தியானம் வரை இருக்கும், அதுவும் அவர்களுக்குச் சந்தோஷம்.

கொப்பி வருவது அதற்குப் பிறகு. பென்சிலை முழுதாகக் கொடுப்பதில்லை, பாதியாக வெட்டித்தான் கொடுக்கிறேன். வெண்கட்டியையும் சின்னத் துண்டாக உடைத்துத்தான் தருகிறேன். துண்டு சின்னதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க முடியாது. விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு பெப்ரவரியில்தான் ஓர் அம்மா வந்தார். பகல் கொழுந்தை எடை போட்ட கையோடு நேரே வந்திருந்தார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு அப்படியே இருந்தது.

"ரெண்டு மாசம் முடியப்போகுது டீச்சர். எம்புள்ள கொப்பி வெள்ளையா கெடக்கு. பக்கத்துக் காம்பரா புள்ள நேர்சரியிலேயே ஃ வரைக்கும் எழுதிருச்சி. இவகிட்ட கேட்டா மண்ணுல எழுதுனோம்ங்கிறா, சொவத்துல தண்ணி அடிச்சோம்ங்கிறா."

"உக்காருங்க அக்கா" என்றேன். உட்காரவில்லை.

"எங்க அப்பாயி கைநாட்டு. எங்கம்மா கைநாட்டு. நான் அஞ்சாவதோட நின்னுட்டேன், பேர மட்டும் கிறுக்குவேன். இவளாவது எழுதட்டும்னுதான் அனுப்புறேன்."

இதற்கு என்ன பதில் சொல்ல? நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியேதான் நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரைக்கும் பெரும்பாலான தோட்டங்களில் ஓர் அறை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் சேர்ந்து. கொழுந்துக் காலத்தில் பிள்ளையும் மலைக்குப் போய்விடும். 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமை போன பிறகு எத்தனை படிவங்களில் எத்தனை பெருவிரல்கள் பதிந்தன என்று நினைத்தாலே தொண்டை அடைக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைத்த ரேகைகள். வெள்ளைக் கொப்பியைப் பார்த்து அந்த அம்மா பதறியது அவருடைய பதற்றம் மட்டும் இல்லை, மூன்று தலைமுறைப் பதற்றம். அவசரப்படாதீர்கள் என்று சொல்லுகிற உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சொல்ல முடியாததால் கேட்டேன். "அக்கா, கொழுந்து எப்படிக் கிள்ளுவீங்க, காட்டுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வெறுங்காற்றில் கிள்ளிக் காட்டினார். கறை ஏறிய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சந்தித்தன. நடுவிரல் கீழே தாங்கிக்கொண்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பிடிபடுகிற பிடி. "அப்படியே வச்சிருங்க" என்று சொல்லி அந்த விரல்களுக்கு நடுவில் ஒரு வெண்கட்டித் துண்டை வைத்தேன். அச்சு அசல் எழுதுகிற பிடி. நான் எந்தப் பிடியைப் பிள்ளைகளுக்குப் பழக்க இரண்டு மாதமாகப் பாடுபட்டேனோ, அதே பிடி.

"கூடையைத் தூக்கிட்டுப் போன முதல் நாளே உங்களுக்கு இந்தக் கை வந்துச்சா?"

"எங்க? ஆறு மாசம் ஆச்சி. வெரல் வெடிச்சி ரத்தம் வந்துச்சி" என்றார். கொஞ்ச நேரம் அந்த வெண்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டார். எழுத வைக்க வேண்டாம், முருங்கைக் கீரை உருவச் சொல்லுங்கள், பூண்டு உரிக்கக் கொடுங்கள், அரிசியில் கல் பொறுக்கட்டும், ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டையை அவளிடம் கொடுங்கள் என்றேன். இதையெல்லாம் படிப்பு என்று சொன்னால் நம்புவது கஷ்டம். அவர் நம்பினார். சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பிடி மாறியிருந்தது.

எழுத்துகள் வந்த பிறகும் தமிழ் சில இடங்களில் பிள்ளையைச் சோதிக்கும். கொம்பு அதில் ஒன்று. கெ என்று சொல்லும்போது காதுக்கு க் முதலில் வருகிறது, எ பிறகு வருகிறது. எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. அதனால் பிள்ளைகள் க எழுதி அதற்குப் பின்னால் கொம்பு போடுவார்கள். அது சோம்பலும் இல்லை, கவனக் குறைவும் இல்லை. காதில் கேட்ட வரிசையை நேர்மையாக எழுதுகிறார்கள். கொ வந்தால் இன்னும் சிக்கல், ஒலி ஒன்று, அடையாளம் இரண்டு பக்கமும். நான் இப்போது கொம்பை "வாசலில் நிக்கிற ஆள்" என்று சொல்லுகிறேன். முதலில் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று குறிலும் நெடிலும் பிரிந்து நிற்பது வீரமாமுனிவர் காலத்து ஏற்பாடு, 18ஆம் நூற்றாண்டு. அதற்கு முன்னால் படித்தவர்கள் இரண்டையும் இடம் பார்த்துத்தான் ஊகித்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை குழம்பினால் கோபப்பட என்ன இருக்கிறது?

குற்றை மறப்பதும் அப்படித்தான். பட்டம் என்று வாயால் சொல்லிக்கொண்டே 'படடம' என்று எழுதித் தருவார்கள். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் பெரியவர்களே குற்று வைக்காமல்தான் எழுதினார்கள், குத்தினால் ஓலை கிழியும் என்று. ஒருமுறை இதைப் பிள்ளைகளிடம் கதையாகச் சொன்னேன். மறுநாள் ஒருத்தி, "நான் ஓலைல எழுதுனேன் டீச்சர்" என்று நின்றாள்.

உகர வரிசைதான் உண்மையான மலையேற்றம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வீடு. சு, பு, யு, வு இன்னொரு வீடு. து, நு, ணு, லு, று, னு மூன்றாவது வீடு. வீடு வீடாகச் சொல்லித் தந்தால் பிடித்துக்கொள்கிறார்கள். வரிசையாகக் கு, ஙு, சு என்று போனால் எதுவும் நிற்காது. இதற்கு ஒரு தவணையே போகும். போகட்டும்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள் உண்டு. இலங்கையும் இந்தியாவும் தோட்ட மக்களைப் பற்றிப் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன என் பெரிய தாத்தா கூடலூரிலிருந்து எழுதியவை. சின்ன வயதில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது ஓர் இடத்தில் எப்போதும் நிற்பேன். 'மலை' என்கிற சொல். தாத்தா லை-யைப் பழைய முறையில், ல-வின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டு எழுதியிருப்பார். ணை, னை, ளை எல்லாம் அப்படியே. தமிழ்நாட்டில் 1978இல் பெரியார் நூற்றாண்டை ஒட்டி எழுத்துச் சீர்திருத்தம் வந்து பதின்மூன்று எழுத்துகள் மாறின. தாத்தாவின் கை மாறவில்லை. எழுபது வயதிலும், தான் மஸ்கெலியாத் தோட்டப் பள்ளியில் பழகிய பாதையிலேயே அவர் கை போனது. நாடு விட்டுப் போன பிறகும் கடைசிவரை கூடவே இருந்தது அந்தக் கைப்பழக்கம். முதல் வகுப்பு ஆசிரியை ஆன பிறகு அந்தக் கடிதங்களை எடுத்துப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. யாரோ ஒரு வாத்தியார், ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில், அந்தக் கையைச் சரியாக வழிநடத்தியிருக்கிறார். கடிதத்தில் ஓர் இடத்தில்கூடக் கோடு தயங்கவில்லை.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வருடத்துக்கு ஒருவர் இருவர் வருவார்கள். வீட்டில் பெரியவர்கள் கையில் தட்டித் தட்டி மாற்றப் பார்த்திருப்பார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். கொப்பியைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துக் கொடுத்து, பென்சிலைக் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொன்னால் போதும். வாங்கில் இடப்பக்க ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது.

விஜயதசமியன்று கோயிலில் ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுத வைப்பதை நான் குறை சொல்லவில்லை. என் மகளுக்கும் அப்படித்தான் தொடங்கினோம். அந்த விரல் பிடிப்பு ஓர் ஆசீர்வாதம். அது ஒரு நாளுக்கு. வருடம் முழுவதும் பிள்ளையின் கையை நம் கைக்குள் வைத்து இழுத்தால் எழுதுவது நாம்தான், அதன் கை வெறும் பென்சில்.

மூன்றாம் தவணை பெற்றோர் கூட்டத்தில் வரவுத் தாளில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மாவும் வந்திருந்தார், மகள் பக்கத்தில் நின்றாள். அவர் பெயர் ம-வில் தொடங்கும். பேனாவைக் கொழுந்து கிள்ளுகிற மாதிரியே பிடித்து, வலப்பக்கக் கீழ் மூலையில் வைத்து மேலே இழுக்கத் தொடங்கினார். மகள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"அங்கருந்து இல்லம்மா. இங்கருந்து. மேல இருந்து எறங்கணும்."

அம்மா என்னைப் பார்த்தார். பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். போட்ட கோட்டை அடித்துவிட்டுப் பேனாவை இடப்பக்கம் மேலே கொண்டுபோய் வைத்தார். "இங்கேயா?" என்று மகளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். இறங்கினார், போனார், ஏறினார்.